மரத்த கை

கழுத்தில் ஊசி போட்டுவிட்டு டாக்டர் சொன்னார்: "சில மணி நேரத்துக்கு கை மரக்கட்டை மாதிரிதான் கிடக்கும், பயப்படாதீங்க. உணர்ச்சி திரும்பறப்போ முதல்ல விரல் குறுகுறுன்னு இருக்கும்."

புடவை முந்தானை பட்டாலே நெருப்பாய் எரிகிற கை அது. பாத்திரம் தேய்க்கச் சோம்பல்பட்டு நான் நடிக்கிறேன் என்று என் கணவர் சபாபதி கண்டுபிடித்து மூன்று வருடமாகிறது. இன்று அவருடைய அக்கா ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்து உட்கார்ந்ததும், இவர் அந்தக் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு தடவ ஆரம்பித்தார்.

"ராத்திரி பகலா நான்தான்க்கா பாத்துக்கறேன்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்குக் கையில் ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப் போன பையைப்போல அது அவர் மடியில் கிடந்தது. ஆசை தீரத் தடவட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா காபியைக் குடித்து முடிப்பதற்குள் என் சுண்டுவிரல் குறுகுறுத்தது. பிறகு ஒரு உள்ளங்கையின் ஈரம். நர்ஸைக் கூப்பிட்டு, இன்னொரு ஊசி போட முடியுமா என்று கேட்டேன்.

"அதுக்குள்ள வலி வந்துடுச்சாம்மா?"

"வலி இன்னும் வரலை சிஸ்டர். இவர் தொடறது தெரியுது."