தையல் தெரிந்த படம்

ஃபோன்களே ஒன்றின் படத்தை ஒன்று பார்த்து, ஆளுக்குப் பதிலாகப் பாராட்டிக்கொண்ட காலம் அது. ஐந்நூறு லைக் தேறாத நாளில் நிறைமதிக்குக் கல்லூரி வாசலை மிதிக்கவே கூச்சமாக இருக்கும்.

அன்று புதுச் சுடிதாரில் போட்ட படத்துக்கு மூவாயிரம் லைக். "தேவதை", "அழகோ அழகு" என்று வரிசையாகப் பாராட்டு. நடுவே, பக்கத்து பெஞ்ச் இசக்கி தன் கையாலேயே தட்டிய ஒரு வரி: "ஏ லூசு, டாப்ஸ உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி போட்டிருக்க. தையலெல்லாம் தெரியுது பாரு."

நிறைமதி குனிந்து பார்த்தாள். முகம் சிவந்தது. பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எத்தனையோ மாதம் கழித்துத் தன் விரலாலேயே பதில் தட்டினாள்: "நீ ஒருத்திதான்டி என்னப் பாத்திருக்க. கேன்டீனுக்கு வா, பஜ்ஜி சாப்பிடலாம்."

டாப்ஸை மாற்றாமலேயே கிளம்பினாள்.