துணை வேண்டாம்

"துணைக்கு யாரும் வேண்டாம் சார். என் ஓட்டை நானே போட்டுக்கறேன்."

கங்கையம்மாள் சொன்னதும் வாக்குச்சாவடியே திரும்பிப் பார்த்தது. கையைப் பிடித்து அழைத்து வந்த தம்பி மனைவி ஹேமாவதிக்கு முகம் சுருங்கியது.

"போன தடவையும் நான்தானே அண்ணி கூட வந்து போட்டேன்? இப்ப என்ன புதுசா?"

வாசலோரம் நின்றிருந்த வெற்றிவேலுக்குச் சுருக்கென்றது. கங்கையம்மாளின் தம்பி. அனகாபுத்தூரில் அந்த வார்டின் சுயேச்சை வேட்பாளரும் அவன்தான். போன தடவை நாலே ஓட்டில் தோற்றவன்.

"கண்ணு தெரியாதவங்க ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போலாம்மா. தப்பில்ல" என்றார் அதிகாரி.

"தப்புன்னு சொல்லல சார். எனக்கு வேண்டாம்னுதான் சொல்றேன். பட்டன் பக்கத்துல புள்ளி எழுத்துல நம்பர் இருக்குது, தடவினா தெரியும். யாருக்கு எந்த நம்பர்னு மட்டும் வரிசையா ஒருவாட்டி படிங்க."

"வெளியில எவ்வளவு பேர் நிக்கறாங்க பாருங்க."

"நானும் அந்த வரிசையில நின்னுதான் சார் வந்தேன்."

அதிகாரி பட்டியலை எடுத்துப் படித்தார்.

எதிர் வேட்பாளரின் ஏஜென்ட் துரை சிரித்தான். "இன்னா வெற்றி, வூட்டு ஓட்டே கைய வுட்டுப் பூட்ச்சா?"

வெற்றிவேல் பல்லைக் கடித்துக்கொண்டான். பார்வை போன நாளிலிருந்து அக்காவைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறான். புள்ளி எழுத்துப் படிக்கப் பல்லாவரத்துக்கு ஆட்டோ வைத்து அனுப்பியதும் அவன்தான். எல்லாம் இதற்குத்தானா?

அட்டை மறைப்புக்குப் பின்னால் அக்கா நிதானமாகத் தடவிக்கொண்டிருந்தாள். கடைசியில் நீளமாக ஒரு 'பீப்'.

பள்ளிக்கூட கேட்டைத் தாண்டியதும் அவன் வெடித்தான்.

"ஊர் முன்னாடி மானத்தை வாங்கிட்டியேக்கா! எனக்குப் போடப் பிடிக்கலன்னா வீட்டுலயே சொல்லியிருக்கலாமே?"

"உனக்குத்தான்டா போட்டேன்."

வெற்றிவேல் விழித்தான். "எனக்கா? அப்புறம் எதுக்கு இந்தப் பேஜார்? ஹேமாவே போட்டிருப்பாளே!"

கங்கையம்மாள் மை காயாத விரலை, குரல் வந்த பக்கமாக நீட்டினாள்.

"போன தடவை ஹேமா உனக்கு ரெண்டு ஓட்டுப் போட்டா, வெற்றி. எனக்கு மை மட்டும்தான் வெச்சாங்க. இன்னிக்குத்தான்டா உன் அக்கா உனக்கு ஓட்டுப் போட்டிருக்கா."