லைசன்ஸ் உள்ள ஆள்

தண்ணீர் சமையலறையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்து நாற்காலியின் காலை நனைத்த பிறகுதான் தனபால் தலையைத் திருப்பினார்.

"ஏனுங்க, சிங்க்குக்கு அடியில கொட்டுதுங்க" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி ஜீவிதா சொன்னாள்.

"வால்வை மூடு."

"எந்த வால்வுன்னு எனக்கெப்படிங்க தெரியும்?"

வடகரப்பதியில் அந்த வீட்டைக் கட்டியபோது குழாய் வேலை முழுவதையும் தனபாலேதான் செய்தார். தோப்பில் அத்தனை தென்னைக்கும் சொட்டுநீர்க் குழாய் இழுத்ததும் அவர்தான். மோட்டார் ஓடவில்லை என்றால் அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அதெல்லாம் ஏழு மாதத்துக்கு முன்பு. பல் துலக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், நாற்பத்தாறு வயதில், அவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது.

கால் இரண்டு மாதத்தில் சரியானது. கையும் வந்துவிட்டது என்றுதான் கோயம்புத்தூர் டாக்டர் சொல்கிறார். இனி வேலை கொடுத்தால்தான் பலம் ஏறும் என்கிறார்.

தனபால் கொடுக்கவில்லை. வீடு திரும்பிய வாரம், பார்க்க வந்த மைத்துனரின் மடியில் காபி டம்ளரைத் தவறவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கை அவர் மடியிலேயே கிடந்தது. சோற்றை இடது கையால் ஸ்பூனில் சாப்பிட்டார். சட்டைப் பொத்தானை ஜீவிதா போட்டுவிட்டாள். தோப்புக்குப் போவதே இல்லை.

ஜீவிதா தரை துடைக்கும் துணியோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"சுவக்கீனைக் கூப்பிடட்டுங்களா?"

கொழிஞ்சாம்பாறையில் கடை வைத்திருக்கும் பிளம்பர் அவர்.

"லைசன்ஸ் இருக்கற ஆளுங்க. நம்ம பக்கம் புது லைன் எல்லாம் அவருதான் குடுக்கறாரு."

"சிங்க்கு ஒழுகறதுக்கு லைசன்ஸா?"

"உங்களால முடியாதில்லீங்க. அதான் கேட்டேன்."

அதைச் சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியைப் பிழிந்து நிமிர்வதற்குள் அந்த இடத்தில் மறுபடி தண்ணீர் நின்றது.

தனபால் சற்று நேரம் அதையே பார்த்தார்.

"டூல்ஸ் பெட்டியை எடு" என்றார்.

ஈரத் தரையில் மல்லாந்து படுத்து, சிங்க்குக்கு அடியில் தலையை நுழைத்தார். இடது கையால் வால்வை மூடினார். கொட்டுவது நின்றது. ஒழுகியது மேலே, குழாயின் அடியில் இருக்கும் நட்டில்.

இடது கையில் ஸ்பேனரைப் பிடித்து நீட்டினார். தோளைச் சுவர் தடுத்தது. உடம்பைத் திருப்பிப் பார்த்தார். எப்படிப் படுத்தாலும் வலது கை மட்டும்தான் அந்த இடுக்குக்குள் போகும்.

"நான் சுவக்கீனையே வரச் சொல்லீட்டனுங்க."

அவர் ஸ்பேனரைக் கை மாற்றினார்.

அது நழுவி அவர் நெஞ்சில் விழுந்தது. மறுபடி எடுத்தார். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை விரல்கள் ஒவ்வொன்றையும் இடது கையால் மடித்து, பிடியைச் சுற்றி வைத்தார். கை நடுங்கியது. நடுங்கிக்கொண்டே நட்டைக் கவ்வியது.

ஜீவிதா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

நட்டு திரும்பியது.

"வாசர் கிழிஞ்சிருக்குது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "போன வருசம்தான் மாத்துனேன். பெட்டியில புதுசு கெடக்கும், பாரு."

புது வாசரைப் பொருத்தி இறுக்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஆரோக்கியமாக இருந்த நாளில் அவருக்கு ஐந்து நிமிட வேலை. வால்வைத் திறந்தார். நட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டது. இன்னும் கொஞ்சம் இறுக்கினார். அவ்வளவுதான்.

வெளியே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சட்டை முழுக்க ஈரம். மூச்சு வாங்கியது.

"சுவக்கீனை வர வேண்டாம்னு சொல்லிரு" என்றார். பிறகு, "மூணாவது வரிசையில தண்ணி ஏறுதில்லைன்னு குப்பண்ணன் சொல்லீட்டு இருந்தானே, அது எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

தோப்பைப் பார்த்துக்கொள்கிற ஆள் குப்பண்ணன். ஏழு மாதத்தில் தோப்பைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"கெழக்க இருக்கறதுங்க" என்றாள் ஜீவிதா. போனை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டாள்.

"சுவக்கீனுங்களா? நீங்க வர வேண்டாமுங்க. அவங்களே சரி பண்ணீட்டாங்க."



"நேத்து ராத்திரி எனக்குச் சரியாத் தூக்கமே இல்லீங்க அக்கா" என்றார் சுவக்கீன். "இருவது வருசமா ஒழுகறதை நிறுத்தற வேலைதான் பண்றேன். நேத்து அவங்க டாக்டர்கிட்டப் போயிருந்தப்ப நல்லா இருந்த வாசரைக் கழட்டி, கிழிஞ்சதை மாட்டீட்டு வந்தது இதுதான் மொதத் தடவை. சோத்துக்கை மட்டும் போற எடமாப் பாக்கச் சொன்னீங்களே, அதுல முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க. காலையில நீங்க சொன்ன மாதிரியே வால்வைப் பாதிதான் தொறந்துவிட்டேன்."

உள்ளே டூல்ஸ் பெட்டியில் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக அடுக்கும் சத்தம் கேட்டது. ஜீவிதா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வர்ற செவ்வாக்கெழமை மறுபடி டாக்டரைப் பாக்கப் போறாங்க. பத்து மணிக்கு மேல வாங்க. குளியலறையில ஒண்ணு இருக்குது."

"அக்கா..."

"இதைவிடக் கொஞ்சம் கஷ்டமானதாப் பாத்துப் பண்ணுங்க."