படத்தின் கீழ் ஓரம்

எங்கள் நகர வரலாற்றுக் கண்காட்சியில் பழைய மணிக்கூண்டுப் படம் மாட்டியிருந்தது. என்னிடமிருந்த ஒரே பிரதி. நான்தான் இரவல் கொடுத்திருந்தேன். கீழ்ப்பகுதியைக் காணவில்லை.

“கீழே இன்னும் கொஞ்சம் இருந்துச்சே, தம்பி?”

“வெறும் தரைதானேம்மா. ஏதோ நிழல் வேற விழுந்து அசிங்கமா இருந்துச்சு,” என்றார் கண்காட்சிப் பொறுப்பாளர். “பிரேமுக்குள்ள அடங்கல. வெட்டிட்டோம்.”

“வெட்டின துண்டு எங்கப்பா?”

“அப்பவே குப்பைவண்டியில போயிடுச்சு. ஏம்மா, அதுல புதையலுக்கு வழியா போட்டிருந்துச்சு?”

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

“இல்லப்பா. அந்த நிழல், படம் எடுத்தவரோடது.”

ஊரையே படம்பிடித்த என் கணவர், சாகும்வரை கேமராவைப் பிறர் கையில் கொடுத்ததில்லை. வேறு எந்தப் படத்திலும் அவர் இல்லை.