கரண்டி நக்கும் மருமகள்

"இனிமே அடுப்புப் பக்கம் வந்தே, நடக்கிறதே வேற! நாலு பேருக்கு விக்கிற பண்டத்தை நக்கித் தள்ளினா கடை விளங்குமா?"

மாமியார் மருமகளை வெளியே துரத்தினாள்.

சுட்ட கறிக் கடை அது. கறியைவிட, அதன்மேல் தடவும் இனிப்பு விஸ்கி சாஸுக்குத்தான் கூட்டம். காய்ச்சுவது மாமனார். தினமும் பக்கத்தில் நின்று கரண்டி கரண்டியாக ருசி பார்ப்பது மருமகள். எந்த மாமியார் பொறுப்பாள்?

அன்று ஒரு பெரிய விருந்துக்கு நாற்பது பாட்டில் போக வேண்டும். வண்டி வாசலில் நின்றது.

"சட்டியை இறக்குங்களேன், என்ன யோசனை?"

"மருமகளைக் கூப்பிடு."

"எதுக்கு, நக்கவா? உங்களுக்குத் தெரியாத பதமா?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தெரியலைடி. விஸ்கியோட காரல் போச்சான்னு தெரியலை. சர்க்கரை கருகினாலும் தெரியாது. அந்தக் காய்ச்சல்ல படுத்தேனே, அதோட ருசி, வாசனை ரெண்டும் போயிடுச்சு. வெளியே தெரிஞ்சா கடையை மூட வேண்டியதுதான். ரெண்டு வருஷமா அவ நாக்குலதான் வியாபாரம் ஓடுது."

மாமியார் போய் மருமகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அவள் ருசி பார்த்தாள்.

"காரல் இருக்கு மாமா. இன்னும் அஞ்சு நிமிஷம் கொதிக்கட்டும்."

மாமியார் அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்போ, தினமும் என் சமையல் பிரமாதம்னு சொன்னீங்களே?"

அவர் அடுப்பைக் குறைத்தார்.

"முதல் முப்பது வருஷம் சொன்னது நெசம்."