அணியத்து மஞ்சள்

“அணியத்தை விட்டிட்டு மிச்சத்தை அடியடா எண்டுறன். காதுக்குள்ளை என்ன, சிப்பியோ வளருது?”

“முன்பக்கத்தை அப்பிடியே விட்டா, பாக்கிற சனம் என்ரை மெசின் பழுதெண்டெல்லோ சொல்லும், அப்பா!”

தகப்பனும் மகனும் கரம்பொன் கரையில் நின்று கத்தியது, பக்கத்து மீன்வாடிக் கொட்டிலில் பெயின்ற் குழைத்துக்கொண்டிருந்த யாகப்புவுக்குத் தெளிவாகக் கேட்டது. அந்தக் கரையில் போட்டுகளுக்கு நிறம் பூசுகிறவர் அவர்தான்.

தகப்பன் பஸ்ரியாம்பிள்ளை, யாகப்புவின் சின்ன வயதுச் சிநேகிதன். மகன் டிலோன் கட்டாரில் தொழிற்சாலை மெசின்களை ட்றை ஐஸ் அடித்துத் துப்புரவாக்கும் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தான். ஊரில் அந்தத் தொழிலைத் தொடங்க ஆசை. தகப்பனின் பழைய பைபர் போட்டில்தான் முதலில் செய்து காட்டப் போகிறான்.

கொழும்பிலிருந்து குளிர் காக்கிற ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் வந்திருந்தது. நெல்லுமணி மாதிரி வெள்ளைக் கட்டிகள். காற்றோடு சேர்த்து அடித்தால் பழைய பெயின்றும் எண்ணெய்ப் பிசுக்கும் குளிரில் வெடித்து உதிரும். பிறகு கட்டிகளும் புகையாகப் போய்விடும். தண்ணீர் மிஞ்சாது, மண் மிஞ்சாது.

“நாளைக்குப் பாப்பம்” என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

“நாளைக்கெண்டா பெட்டிக்குள்ளை காத்துத்தான் கிடக்கும்!”

யாகப்பு சிரித்துக்கொண்டே எழும்பிப் போனார்.

“விடன், பஸ்ரி. பெடியன் உன்ரை ஓட்டைப் போட்டைக் கடிச்சோ தின்னப் போறான்? நான் பூசின பெயின்ற்தானே. உரிஞ்சா திரும்பப் பூசித் தாறன்.”

ஒன்று சொன்னால் பத்துத் திருப்பிச் சொல்கிற பஸ்ரியாம்பிள்ளை, அணியத்தை ஒருக்கால் பார்த்துவிட்டு விலகினார். கவிழ்ந்து கிடந்த மீன்பெட்டியில் போய்க் குந்திவிட்டார்.

கொம்பிறசர் இரைந்தது. கரையில் நின்ற காகமெல்லாம் எழும்பிப் பறந்தது.

பெடியனுக்கு ஒத்தாசையாக, குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதும் யாகப்புதான்.

அணியத்தில் நீலம் முதலில் உரிந்தது. அதற்குக் கீழே, வெடிப்பு அடைக்கப் பூசுகிற வெள்ளைப் புட்டி. அது பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. புட்டிக்குக் கீழே, எதிலோ இடித்துக் கிழித்த மாதிரி, கை நீளத்துக்கு ஒரு காயம்.

காயத்துக்குள் மஞ்சள்.

கடையில் வாங்குகிற மஞ்சள் இல்லை. மஞ்சளுக்குள் கொஞ்சம் சிவப்பை விட்டுக் குழைத்த, பனங்களி நிறம். விடியப்புற மங்கலிலும் தூரத்தில் தெரியவேண்டும் என்று யாகப்பு தன் கையால் குழைத்தது. அந்தக் கடலில் ஒரேயொரு வள்ளத்துக்குத்தான் அந்த நிறம் பூசினார்.

தன் மகன் ஷாருஜனின் வள்ளத்துக்கு.

போன மாரிக்கு முந்தின மாரி, அந்த வள்ளம் இரண்டாகப் பிளந்து கரை ஒதுங்கியது. ஷாருஜன் அடுத்த நாள் ஒதுங்கினான்.

இந்தியன் றோலர் இழுவைப்படகு இடித்துவிட்டுப் போனது என்று முதலில் சொன்னவர் பஸ்ரியாம்பிள்ளை. அன்று விடியத் தானும் அந்தப் பக்கம் தொழிலுக்கு நின்றதாகவும், பெரிய வெளிச்சமொன்று வடக்கே போனதைக் கண்டதாகவும் சொன்னார். ஊரே நம்பியது. கறுப்புக்கொடி கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் வரைக்கும் போனார்கள். ஷாருஜனின் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னுக்கு நடந்தவர் பஸ்ரியாம்பிள்ளை. நடக்கத்தானே வேண்டும், ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் ஏந்திய ஞானத் தகப்பன் அவர்.

இரைச்சல் நின்றது.

“மாமா, இந்த மஞ்சள் கொஞ்சம் இறுகிப்போய்க் கிடக்கு” என்றான் டிலோன், காதிலிருந்ததைக் கழற்றியபடி. “இன்னொருக்கா அடிச்சா போயிடும்.”

யாகப்பு குழாயைக் கீழே போட்டார். உள்ளங்கையை அந்த மஞ்சளின் மேல் வைத்தார். குளிர், நெருப்பு மாதிரிச் சுட்டது. கையை எடுக்கவில்லை.

பின்னால் காலடி கேட்டது. பிறகு அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பஸ்ரியாம்பிள்ளையின் குரல்.

“பெடியனுக்கு ஒண்டும் தெரியாது, யாகப்பு.”

யாகப்பு திரும்பிப் பார்க்கவில்லை.

அவருக்கு வேறொரு நாள் ஞாபகம் வந்தது. மகனின் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிந்த கையோடு பஸ்ரியாம்பிள்ளை வீட்டுக்கு வந்தார். “வீட்டுக்குள்ளையே கிடந்தா விசராக்கிப்போடும். வா, வந்து என்ரை போட்டுக்குப் பெயின்ற் அடி. அணியத்துக்குப் புட்டி நானே வைச்சிட்டன். நீ மேலாலை நீலத்தை இழுத்துவிடு, காணும்” என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

கூடப்பிறந்ததுகூட இப்படிப் பார்க்காது என்று யாகப்புவின் மனுசி மேரிறோஸ் சொல்லிச் சொல்லி அழுதாள்.

யாகப்புவும் அழுதழுதுதான் பூசினார். அணியத்துக்கு மட்டும், அன்பில், இன்னொரு தரமும் இழுத்துவிட்டார்.

டிலோன் குழாயை எடுத்து நிமிர்த்திப் பிடித்தான். பாவம், அவன் சிரித்துக்கொண்டு நின்றான்.

“கையை எடுங்கோ, மாமா. அடிக்கட்டோ?”

அடித்தால் கண்மூடித் திறக்கிற நேரம். தண்ணீர் மிஞ்சாது, மண் மிஞ்சாது, மஞ்சளும் மிஞ்சாது.

அது உங்கள் கையாக இருந்தால் எடுப்பீர்களா? அந்தப் பெடியனுக்கு என்ன சொல்வீர்கள்? கீழே எழுதுங்கள். பிள்ளை பெற்றவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.