முடிவை எழுதாத சுருக்கம்

"ஆய்வேடு இருநூறு பக்கம் எழுதிட்டே. அதோட சுருக்கம் ஒரு பக்கம் எழுத வரலையா?" என்று பேராசிரியர் தாளை மறுபடியும் திருப்பி நீட்டினார்.

மாணவி தலைகுனிந்து நின்றாள்.

"நரம்பு நலிவு நோய்க்கு இந்த மாத்திரை கேக்குதா இல்லையா? அதானே உன் ஆராய்ச்சி. 'மேலும் ஆய்வு தேவை'ன்னு மென்னு முழுங்கியிருக்கே."

"கொஞ்சம் பூசி மெழுகினாப்ல இருக்கட்டுமேன்னுதான் சார்..."

"ஆய்வேட்டை யாரும் முழுசாப் படிக்கப் போறதில்லை. சுருக்கத்தைத்தான் படிப்பாங்க. அதுல போய் மழுப்பலாமா? இங்கேயே உட்கார்ந்து, நீ கண்டுபிடிச்சதை எழுதும்மா."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவளுக்குப் பேனா ஓடவில்லை. வேறு வழியின்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்: 'இம்மருந்தால் நோயாளிகளுக்கு எந்தப் பயனும் இல்லை.'

படித்து முடித்த பிறகும் அவர் தாளை உடனே கீழே வைக்கவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டார்.

கைபேசி ஒலித்தது. அவர் மனைவிதான்.

"சொல்லு. மாத்திரை போட்டியா? கசந்தா கசந்துட்டுப் போகுது, விட்டுடாதே. நேத்தைக்கு இன்னைக்குக் கை தேவலைதானே? ஆமா, நல்ல மருந்து. என் மாணவி அதுலதான் ஆராய்ச்சி பண்றா. அவளும் அப்படித்தான் சொல்றா."

பேசி முடித்தவர் மாணவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ ஏன் மழுப்பினேன்னு எனக்குத் தெரியாம இல்லை," என்றார். "வீட்டுக்கு வந்தா அவ உன்கிட்டயும் கேப்பா. அங்கே மட்டும் கொஞ்சம் பொய் சொல்லணும்மா."